தொட்டிக்கு ஒதுக்கிய இடம்

புது வீட்டின் வரைபடத்தைத் தம்பி தரையில் விரித்தபோது அக்கா முதலில் பார்த்தது மீன்தொட்டியைத்தான். கூடத்துச் சுவரோரம் பென்சிலால் ஒரு நீளக் கட்டம் போட்டு, அதற்குள் சின்னதாக ஒரு மீனும் வரைந்திருந்தான். ஃபில்டருக்கு ஒரு பிளக், விளக்குக்கு ஒரு பிளக். வெயில் நேராக விழாத மூலையாகத் தேடிப் பிடித்திருந்தான். தண்ணீர் மாற்றுகிறவர் நின்று வேலை செய்யப் பக்கத்தில் இடம்கூட விட்டிருந்தான். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவன் பிறந்ததிலிருந்து ஒரு காரியத்தை இவ்வளவு யோசித்துச் செய்து அவள் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் தன் கட்டிலைத் தேடினாள்.

அவள் தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டை தைக்கிற தொழிற்சாலையில் செக்கிங் மேஜையில் நின்றே தலை நரைத்தவள். தைத்து வரும் சட்டையைக் காலரில் தொடங்கி, தோள், கை, கஃப், ஓரமடிப்பு என்று ஒரு சுற்றுப் பார்த்து, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே அம்புக்குறி அக்கா. அந்தக் கண்ணோடுதான் இப்போது வரைபடத்தைப் பார்த்தாள். ஒரு அறை தம்பிக்கும் அவன் மனைவிக்கும். இன்னொரு அறையில் மேஜை, நாற்காலி போட்டு ஆபீஸ் ரூம் என்று எழுதியிருந்தது. சமையலறை இருந்தது. பால்கனியில் வாஷிங் மெஷின் இருந்தது. வாசலில் செருப்பு அலமாரிகூட இருந்தது. கட்டில் எங்கும் இல்லை.

"மெஷின் பால்கனியிலயாடா? மழை அடிக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் கண்ணாடி போட்டு மூடறோம்க்கா. ஒரு சொட்டு உள்ள வராது."

மெஷின் நனையாது என்று தெரிந்தது. மற்றதை அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான். கேட்காதவரை, ஆபீஸ் ரூம் மேஜையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு கட்டில் போடலாம் என்று நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தைவிடக் கோலிக்குண்டை அதிகம் சுமந்துகொண்டிருந்தான். அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் நல்ல மாதிரி. லாரி ஷெட்டில் கணக்குப் பார்ப்பவர், அதிர்ந்து பேசாதவர். "எல்லாம் சரி, தம்பிய எங்க விடறது?" என்று அவர் கேட்ட ஒரே கேள்விக்காக அக்கா அவரை வந்த வழியே அனுப்பிவிட்டாள். அப்போது அவளுக்கு ரோஷம் மூக்கின் நுனியில் இருந்தது. தம்பியை எங்கேயும் விடவில்லை. படிக்க வைத்தாள், வேலைக்குப் போனான், கல்யாணமும் ஆனது. தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, வாடகை வீட்டின் கூடத்தில் ஒரு கட்டிலும் அதன் தலைமாட்டில் ஒரு மீன்தொட்டியுமாக அக்காவின் காலம் போய்க்கொண்டிருந்தது.

தொட்டி தம்பி வாங்கியது. அவன் ஒரு ஆரம்ப சூரன். கிடார் வாங்கினான், இரண்டு கம்பி அறுந்ததும் பரணில் போட்டான். உடற்பயிற்சிக் குண்டு வாங்கினான், அது இப்போது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. மீன்தொட்டியைப் பரணில் போட முடியாது என்பதால் அது அக்காவின் தலையில் விழுந்தது. மீன் கடைக்காரரிடம் போய் அவள்தான் விவரம் கேட்டு வந்தாள்.

"ஃபில்டருக்குள்ள இந்த ஸ்பாஞ்ச் இருக்கு பாருங்க, இதுல பிடிக்கிற அழுக்குதான் உயிரு," என்றார் அவர். "மீன் போற கழிவு தண்ணியில விஷமாகும். அதத் தின்னு தீக்கிற கிருமி இந்த அழுக்குலதான் குடியிருக்கு. ரொம்ப அடைச்சா தொட்டித் தண்ணியிலயே ரெண்டு அமுக்கு அமுக்கிப் போடுங்க. குழாய்த் தண்ணில மட்டும் காட்டிராதீங்க. அதுல இருக்கிற மருந்து எல்லாத்தையும் கொன்னுடும். அப்புறம் திரும்பக் குடியேற வாரக் கணக்காகும்."

அக்கா அதைப் பிசகாமல் கடைப்பிடித்தாள். மீன்களும் பதிலுக்குச் செழித்தன. எல்லாமே தங்கமீன்கள். வெள்ளைத் திட்டோடு தொந்தி பெருத்து, தொட்டியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மேற்பார்வை பார்க்கிற பெரிய மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். தொழிற்சாலையில் அவளைப் பாடாய்ப் படுத்தியவரின் நடை அப்படியே. முழி பிதுங்கிய கறுப்பு மீன் சூப்பர்வைசர். பிரிக்க முடியாமல் சேர்ந்து திரிந்த இரண்டும் இரட்டைகள். தண்ணீருக்குள் விரலை விட்டால் மேனேஜர் வந்து வாயால் முட்டிப் பார்க்கும். மற்றவர்கள் விட்டால் வராது. தம்பி விருந்தாளிகளிடம், "எங்கக்கா கைராசி அப்படி," என்பான்.

வீடு மாறுவதற்குச் சில நாள் முன்பு, அவள் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றான். குழாயின் மறுமுனையைத் தானாகவே பிடித்துக்கொண்டான். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, ரூம் ரெண்டுதான் இருக்கு."

"பாத்தேன்."

"எனக்கு வீட்லருந்தும் வேலை பாக்க வேண்டியிருக்கு. போன்ல பேசணும், கதவச் சாத்திக்கணும். அதான் ஒரு விடுதி பாத்திருக்கேன். லேடீஸ் மட்டும்தான். நல்ல காத்து வருது. கொஞ்ச நாளைக்குத்தான்க்கா."

"மீனெல்லாம்?"

"மீன் நம்ம கூடத்தான வரும்! நீ வந்து செட் பண்ணிக் குடுத்துட்டுப் போ. உன் கைராசி யாருக்கு வரும்?"

அக்கா குழாயைத் தூக்கி உதறினாள். லாரி ஷெட் கணக்குப்பிள்ளையின் கேள்வி ஞாபகம் வந்தது. அவரை விரட்டியது தப்போ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. கறிவேப்பிலையைக்கூட இலையில் சாப்பாடு முடிகிறவரை வைத்திருந்துவிட்டுத்தான் எறிவார்கள்.

ஆனாலும் வேலை என்று வந்தால் அவளுக்குக் கை ஓடும், மனம் அப்புறம்தான். வீடு மாறுவதற்கு முந்தின நாளே மீன்களுக்குத் தீனியை நிறுத்தினாள். தொட்டித் தண்ணீரைக் கேன்களில் பிடித்து மூடி வைத்தாள். ஒவ்வொரு மீனையும் வலையில் எடுத்துப் பையில் விட்டு, கொஞ்சம் தண்ணீரும் நிறையக் காற்றுமாகக் கட்டினாள். ஸ்பாஞ்சைப் பழைய தண்ணீரிலேயே முக்கி ஒரு சின்ன வாளியில் வைத்தாள். தண்ணீரோடு தூக்கினால் அடித்தையல் விட்டுப்போகும் என்று சொல்லி, சுமைதூக்குகிறவர்களைத் தொட்டியைக் காலி செய்த பிறகுதான் தொடவிட்டாள். கண்ணாடிக்குத் தையல் என்று அவள் சொன்னதற்கு அவர்கள் சிரித்தார்கள். வேனின் முன்சீட்டில் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையின் வழியாக அது அவள் விரலை முட்டிக்கொண்டே வந்தது.

தம்பி மனைவியைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. சுத்தக்காரி, அவ்வளவுதான். சுத்தம் சோறு போடும் என்பார்கள். அவள் வீட்டில் அது சோற்றுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய வீட்டின் அழுக்கு ஒரு துளிகூடப் புது வீட்டுக்குள் வரக்கூடாது என்று செருப்பின் அடிப்பாகத்தையும் தேய்த்துக் கழுவிக் கட்டியவள். அக்கா தொட்டிக்கடியில் தெர்மாகோல் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பழுப்புத் தண்ணீர் வாளி தம்பி மனைவியின் கண்ணில் பட்டிருக்கிறது. குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, சோப்புத் தூள் போட்டு, கசக்கி, பிழிந்து, குழாயை முழுசாகத் திறந்து அலசி, புத்தம்புது வெள்ளையாகக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாருங்கக்கா! இன்னிக்குத்தான் கடையில வாங்கின மாதிரி!"

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உதவி செய்துவிட்ட சந்தோஷம்.

"ஐயோ, அதுலதானேம்மா உயிரு இருந்துச்சு," என்றாள் அக்கா.

விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போனது. தம்பி வந்தான். "விடுக்கா, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்."

"புதுசுல என்னடா இருக்கும்? அழுக்குப் பிடிக்கணும். பிடிக்கிற வரைக்கும் தினம் தண்ணி மாத்தணும். குழாய்த் தண்ணிய ஒரு நாள் வாளியில ஆறவச்சு ஊத்தணும். இல்லேன்னா ஒவ்வொண்ணாப் போயிடும்."

"தினமுமா? யாரு மாத்தறது?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் அவளுக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது. ஆபீஸ் ரூமில், மேஜைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு மடக்குக் கட்டில். எதுவரைக்கும் என்பதில் குழப்பமே இல்லை. ஸ்பாஞ்சில் அழுக்குப் பிடிக்கிறவரை.

நல்ல நாட்கள் அவை. பொய் சொல்வானேன், அக்காவின் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் குறைவு. காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீடு முழுக்க அவளுடையது. பால்கனியில் நின்றால் கீழே ஒரு கார் பழுதுபார்க்கும் கடை தெரியும். லிஃப்ட் எந்தத் தளத்தில் நின்றால் எப்படி முனகும் என்பதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. எதிர்வீட்டம்மா அவளை, "நீங்கதான் இந்த வீட்டம்மாவா?" என்று கேட்டபோது அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மீன்கள் முதலில் சோர்ந்து மூலையில் ஒதுங்கின. பிறகு மெல்ல மெல்லத் தேறின. மேனேஜர் மறுபடியும் மேற்பார்வையை ஆரம்பித்தது.

ஸ்பாஞ்ச் ஓரங்களில் பழுப்பேறத் தொடங்கியது.

தினமும் அதைப் பார்ப்பாள். விட்டுப்போன தையலைத் தேடிய கண் இப்போது அழுக்கைத் தேடியது. வெள்ளையாக இருந்தால் மீனுக்காக வருத்தம், பழுப்பானால் தனக்காக வருத்தம். ஒரு நாள் சாயங்காலம் தம்பி தொட்டி முன்னால் நின்று, "தண்ணி கண்ணாடியா இருக்குக்கா! மீனெல்லாம் என்ன ஆட்டம் போடுது பாரு!" என்றான். அடுத்த மூச்சிலேயே, "அப்ப ஞாயித்துக்கிழமை உன்னைக் கொண்டு விட்டுடவா?" என்றான்.

"விடு," என்றாள் அக்கா.

மறுநாள் அவர்கள் கிளம்பிப் போனதும், அவள் ஃபில்டரைக் கழற்றி ஸ்பாஞ்சைச் சமையலறைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். எதற்கென்று தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. குழாயைத் திறந்தாள். பழுப்பு நிறம் வழிந்து ஓடியது. பிழிந்தாள், மறுபடி அலசினாள், வெள்ளையாகும்வரை அலசினாள். அலசிவிட்டுத் தொட்டியில் மாட்டினாள். மேனேஜர் வந்து விரலை முட்டியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்கு ஏங்கின. தம்பி பதறிப்போனான். "நல்லவேளை நீ இன்னும் போகலக்கா! நீ இல்லேன்னா இதுங்க கதி என்ன?" அக்கா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைச் செய்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்கு ஒருகாலத்தில் அருவருப்போடு தோன்றியதுண்டு. எப்படியும் இருப்பதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான்.

அதன்பிறகு அது வழக்கமாயிற்று. ஸ்பாஞ்ச் பழுப்பேறும், தண்ணீர் தெளியும், தம்பி ஒரு கிழமையைச் சொல்லுவான், அக்கா குழாயடிக்குப் போவாள். சூப்பர்வைசர் ஒரு மத்தியானம் செத்து மிதந்தது. அதைக் காகிதத்தில் சுற்றும்போது அவளுக்கு அழுகை முட்டியது. அழவும் செய்தாள். அது நடிப்பில்லை. தம்பி தோளைத் தட்டி, "விடுக்கா, உன்னால முடிஞ்சதப் பண்ணிட்ட," என்றான். பிறகு இரட்டைகளில் ஒன்று போனது. மற்றது தனியாகச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, மறுநாளே அதுவும் போனது.

தம்பி மனைவிதான் மிகவும் உடைந்துபோனாள். டீ போட்டுக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் நான் அன்னிக்குச் சோப்புப் போட்டதாலதானேக்கா? அதுலருந்துதான் இந்தத் தொட்டிக்கு விடிவே இல்ல."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"நீங்க நல்லவங்க, அதனால சொல்ல மாட்டீங்க. உங்கள விடுதிக்கு அனுப்பணும்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அதுக்கும் சேத்துதான் கடவுள் தண்டிக்கிறாரோ என்னவோ."

உண்மையைச் சொல்லிவிட அக்காவுக்கு ஒரு நிமிடம் போதும். சொன்னால் அந்தப் பெண்ணின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். அக்கா டீயைக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று பார்த்துப் போட்ட முதல் டீ அது. அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் மேனேஜர் மட்டும் மிஞ்சியது. செதில்களில் மினுமினுப்புப் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. அப்போதும் விரலை விட்டால் சாய்ந்தபடியே தட்டுத்தடுமாறி வந்து முட்டியது. மறுபடியும் ஸ்பாஞ்ச் பழுப்பேற ஆரம்பித்திருந்தது. தம்பியும் மறுபடி ஒரு கிழமையைச் சொல்லியிருந்தான்.

அக்கா ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். குழாயையும் திறந்துவிட்டாள். தண்ணீர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அலசினால் இந்த வாரம் தாண்டிவிடும். மேனேஜர் தாண்டாது. அது போனபின் தொட்டிக்கு ஆள் எதற்கு, அவள்தான் எதற்கு? ஆனால் அவள் குழாயை மூடியது இந்தக் கணக்கைப் பார்த்து அல்ல. கணக்குப் பார்த்து மூடியிருந்தால் அவள் கெட்டிக்காரி. மேனேஜர் அவளுடைய கையைத் தேடி வருகிறது, கழுவுகிற கை எது, தீனி போடுகிற கை எது என்று அதற்குத் தெரியவில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை. குழாயை மூடினாள். ஸ்பாஞ்சை அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் மாற்றினாள். மேனேஜர் நிமிர்ந்தது. தம்பி உற்சாகத்தில் கடைக்குப் போய்ப் புது மீன்கள் வாங்கிவந்தான். அவற்றுக்கு அக்கா பெயர் வைக்கவில்லை. விடுதிக்குக் கிளம்பும்போது தம்பி மனைவியிடம், "அந்த ஸ்பாஞ்சைக் கழுவிடாதம்மா," என்று மட்டும் சொன்னாள். "செத்தாலும் தொட மாட்டேன்க்கா," என்றாள் அவள்.

விடுதி அறையில் தம்பி சொன்ன காற்று வரவே செய்தது. ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். இன்னொரு கட்டிலில், துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் ஒரு பெண். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். நின்று வேலை பார்த்தவளுக்கு அந்தக் கால்வலி தெரியும் என்பதால் அக்கா அவளைப் பேச்சுக்கு இழுக்கவில்லை. பிளக் ஒன்றே ஒன்றுதான். இருவரும் மாற்றி மாற்றிப் போனை மாட்டிக்கொண்டார்கள்.

தம்பி அடிக்கடி பேசுவேன் என்று சொல்லியிருந்தான். ஆரம்ப சூரன்தானே. முதலில் தினமும் பேசினான், பிறகு நினைத்தபோது பேசினான். அந்தச் சாயங்காலம் அவன் குரலில் துள்ளல் இருந்தது.

"அக்கா, மேனேஜர் இன்னும் பெருத்துட்டான். புதுசுங்க எல்லாம் சூப்பரா இருக்கு. ஒரு விஷயம் கவனிச்சியா? நீ போனதுலருந்து ஒண்ணுகூடச் சாகலக்கா!"

பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. "சும்மா இருங்க, அவங்க மனசு கஷ்டப்படும்."

"அட, கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல? வயசாச்சுன்னா அது மாறிடும் போல. அக்கா தப்பா எடுத்துக்க மாட்டா. இல்லக்கா?"

"இல்லடா," என்றாள் அக்கா.

"அடுத்த வாரம் சாப்பிட வா. வந்து எல்லாத்தையும் பாரு. ஆனா, கோவிச்சுக்காத, தொட்டிக்குள்ள கைய மட்டும் விடாத. சரியா?"

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அக்கா எதிர்த்துப் பேசியிருப்பாள். ஸ்பாஞ்சை அலசியது இந்தக் கைதான்.

"சரிடா," என்றாள். "விடல."

பக்கத்துக் கட்டில் பெண் சார்ஜருக்காகக் காத்திருந்தாள். அக்கா போனைக் கழற்றிவிட்டு, பிளக்கை அவளுக்குக் கொடுத்தாள்.